சனிக்கிழமை எண்ணெய்க்காரர்

பம்பாய்க்குத் தெற்கே, கொங்கணக் கடற்கரைச் சிற்றூர்களில் பல நூற்றாண்டுகளாகச் செக்காட்டி வாழ்ந்தவர்கள் பெனே இஸ்ரவேலர் என்னும் யூதர்கள். மராத்தியே அவர்கள் வீட்டு மொழி. ஆறு நாள் சுழலும் செக்கு சனிக்கிழமை ஓய்ந்து நிற்கும். அதனால் அயலார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைத்தனர்.

நெடுங்காலம் அவர்களுக்குத் தொழுகைக்கூடம் இல்லை. எபிரேய மொழியும் ஏறக்குறைய மறந்துபோயிற்று. இறைவன் ஒருவனே எனும் ‘ஷெமா’ வாசகம் மட்டும் நாவில் நின்றது. தாவீது ரகாபி என்ற யூதர் ஒருவர் வந்து, இந்த வாசகத்தையும் ஓய்வுநாளையும் செதிலற்ற மீனை விலக்கும் வழக்கத்தையும் கண்டே, இவர்கள் தம்மவர் எனத் தெளிந்தார் என்பது அவர்கள் மரபுச் செய்தி. பம்பாயில் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடம் எழுந்தது 1796இல்தான்.

அதுவரை சமயத்தைக் காத்தது எது? வீடுதான்! வெள்ளி மாலை விளக்கேற்றி, உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றின்மீது ஆசி மொழிந்து, குடும்பத்தார் கூடி உண்ணும் வழக்கம் அவர்களிடம் இன்றும் உண்டு. 1948க்குப் பின்னர்ப் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். ஏடும் குருவும் இல்லாத காலத்தில், தாம் யாரென்பதை வாரந்தோறும் அவர்களுக்கு நினைவூட்டியது, ஓய்ந்து நின்ற அந்தச் செக்கே.