சொன்னவர்கள் யார்? சேரிகளில் கிறிஸ்தவம் பரவிய வரலாறு

"அரிசி மூட்டைக்கு மதம் மாறியவர்கள்." இந்த வசவைக் கேட்காத தலித் கிறிஸ்தவர் இருக்க முடியாது. கல்லூரி விடுதியில், தேநீர்க் கடையில், தேர்தல் மேடையில் என்று எங்கும் அது வந்து விழுகிறது. சொல்பவர்கள் அதை வரலாறு என்று நினைத்தே சொல்கிறார்கள். வெள்ளைக்காரப் பாதிரி வந்தார், பேசினார், கொடுத்தார். சேரிக்காரர் கேட்டார், வாங்கிக்கொண்டார், மாறினார். இவ்வளவுதான் அவர்கள் அறிந்த கதை.

இந்தக் கதையில் நம் ஆட்களுக்கு வாய் இல்லை, வயிறு மட்டுமே இருக்கிறது. யோசித்தவர், வாதாடியவர், முடிவெடுத்தவர், அடுத்தவரிடம் போய்ச் சொன்னவர் என்று ஒருவர்கூட நம் பக்கத்தில் இல்லை. இது உண்மையா என்று ஆவணங்களைக் கொண்டே பார்ப்போம். நான் எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்க வரவில்லை. நம்பிக்கையை யார், யாரிடம், எப்படிச் சொன்னார்கள் என்பது மட்டுமே என் கேள்வி.

மயிலாடியிலிருந்து தொடங்கலாம். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர் அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. அங்கே பறையர் சமூகத்தில் பிறந்த மகாராசன் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். நந்தனார் கதை தெரிந்தவர்களுக்கு, ஒரு பறையர் கால்நடையாகச் சிதம்பரம் போவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தேடியது அங்கே கிடைக்காமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் பிரசங்கம் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.

ஊருக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை. தன் உறவினர்களிடம் பேசினார். எதிர்ப்பும் வந்தது, சேர்ந்தவர்களும் உண்டு. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தபோது, பேசிப் பேசிச் சேர்த்த ஒரு சிறு கூட்டம் அவருக்கு முன்பே அங்கே இருந்தது. 1809இல் ஆலயம் கட்டப்பட்டது. 1816இல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போனபோது சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடம்தான் விட்டுப் போனார். தென்திருவிதாங்கூர் புராட்டஸ்டன்ட் சபை வரலாற்றில் முதலில் பேசியவர் ஒரு பறையர். மிஷனரி அவருக்குப் பின்னால் வந்தவர்.

அரை நூற்றாண்டு கழித்துத் தெலுங்கு நாட்டில் இதுவே இன்னும் பெரிய அளவில் நடந்தது. எர்ரகுண்ட்ல பேரய்யா ஒங்கோல் பகுதியைச் சேர்ந்த மாதிகா. தோல் வாணிபம் அவர் தொழில். அவர் ஞானத்தேட்டம் உள்ளவர். குருவிடம் யோகம் பயின்றவர், அவருக்கென்று சீடர்களும் இருந்தார்கள். படிப்பறியாத தலித்துக்குத் தத்துவம் ஏது என்று கேட்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வாணிபத்துக்காக வடக்கே ஏலூரு பக்கம் போனபோது அங்கே ஒரு மிஷனரியின் பேச்சைக் கேட்டார். தான் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று முடிவு செய்தார். 1866இல் அவரும் அவர் மனைவி நாகம்மாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் ஒங்கோலுக்கு வந்து குடியேறியதும் அதே ஆண்டில்தான். பேரய்யா அவரைத் தங்கள் பக்கத்துக்கு அழைத்தார். 1867 ஜனவரியில் கிளஃப் போனபோது சுற்றுவட்டார மாதிகாக்கள் அங்கே காத்திருந்தார்கள். பேரய்யா முன்பே அவர்களிடம் பேசி முடித்திருந்தார். அந்தப் பயணத்தில் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதனால் கிளஃபுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒங்கோலில் அவர் நடத்திய பள்ளிக்குப் பிராமணப் பிள்ளைகளும் பிற சாதி இந்துப் பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள். மாதிகாக்களைச் சேர்த்தால் நாங்கள் நின்றுவிடுவோம் என்று அவர்கள் சொன்னார்கள். மேல்சாதியைப் பிடித்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்பது அந்தக் காலத்து மிஷனரிகள் பலரின் கணக்கு. கிளஃப் மாதிகாக்களைத் தேர்ந்தெடுத்தார், சாதி இந்துப் பிள்ளைகள் பள்ளியைவிட்டுப் போனார்கள். கிளஃபின் முடிவைப் பாராட்டலாம். ஆனால் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு தோல் வியாபாரி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அந்த 'அரிசி மூட்டை'க்கு வருவோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள், முதலில் செத்தவர்கள் நிலமில்லாத நம் மக்கள். அரசு நிவாரண வேலையாகப் பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியைக் கிளஃப் ஒப்பந்தத்துக்கு எடுத்தார். மற்ற மேற்பார்வையாளர்களிடம் திட்டும் அடியும் வாங்கிய மாதிகாக்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். மேற்பார்வை பார்த்தவர்கள் அவர்களுடைய ஆட்களே, அதாவது சபையின் தெலுங்குப் போதகர்கள். ஓய்வு நேரத்தில் தொழிலாளர்களோடு மண்மேட்டில் உட்கார்ந்து பேசினார்கள்.

வசவு பாடுபவர்கள் சொல்வது உண்மையானால் அந்த மண்மேட்டிலேயே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பஞ்சம் நீடித்த ஓராண்டுக்கும் மேலான காலத்தில் கிளஃப் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டவர்களையும் நிறுத்தி வைத்தார். சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்பதே காரணம். நிவாரணம் முடிந்தது, இனி உதவி கிடையாது என்றும் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகும் மக்கள் வந்தார்கள். பணம் கேட்கவில்லை, எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். 1878 ஜூலை 3 அன்று வெல்லம்பள்ளியில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒவ்வொருவரையும் விசாரித்தவர்கள் உள்ளூர்ப் போதகர்கள். தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுத்தவர்களும் அவர்களே.

மூன்றாவது இடம் பஞ்சாப். இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட் மாவட்டம். 1873இல் தித் என்பவர் அமெரிக்க மிஷனரி சாமுவேல் மார்ட்டினிடம் வந்து ஞானஸ்நானம் கேட்டார். தித் சூஹ்ரா சாதியினர். மலம் அள்ளுவதும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் அந்தச் சாதியின் மேல் சுமத்தப்பட்டிருந்தன. கால் ஊனமுற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். தோல் வாங்கி விற்றுப் பிழைத்தார்.

மார்ட்டின் தயங்கினார். கொஞ்ச நாள் தங்கிப் பாடம் கற்றுக்கொள் என்றார். தித் மறுத்து, ஊருக்குப் போக வேண்டும் என்றார். மறுக்கக் காரணம் தெரியாமல் மார்ட்டின் ஞானஸ்நானம் கொடுத்து அனுப்பினார். ஊரில் உறவினர்கள் சபித்தார்கள், ஒதுக்கி வைத்தார்கள். தித் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு மாதத்தில் தன் மனைவி, மகள், அண்டை வீட்டார் இருவர் என நான்கு பேரை நடத்தியே சியால்கோட்டுக்குக் கூட்டி வந்தார். அடுத்த ஆண்டு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். தோல் வாங்க ஊர் ஊராகப் போகும் வழியில் தன்னைப் போன்ற சூஹ்ராக்களிடம் சொன்னார், கேட்டவர்கள் தங்கள் சொந்தங்களிடம் சொன்னார்கள். 1881இல் பஞ்சாபில் கிறிஸ்தவரான இந்தியர்கள் சுமார் 4,000 பேர். 1931இல் கிறிஸ்தவர் தொகை 4 லட்சத்தை நெருங்கியது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் சூஹ்ராக்கள். மிஷனரிகள் இதைத் திட்டமிடவில்லை. நடப்பது என்னவென்று புரியவே அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

மூன்று இடத்திலும் ஒரே அச்சுதான். செய்தி முதலில் வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அதைச் சேரிக்குள் கொண்டுபோனது சேரியின் வாய். சொன்னவர் கேட்டவரின் மாமன், மச்சான், சம்பந்தி. மேலிருந்து அதட்டிப் பேசும் நிலையில் அவர் இல்லை. அவரிடம் கொடுக்கவும் எதுவும் இல்லை. நம்பியதற்காக அடியும் ஊர்விலக்கமும் பட்டவர் என்பதால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

இதற்கு மிஷனரிகள் 'வெகுமக்கள் இயக்கம்' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே தனி ஆள் தொலைந்துபோகிறார். அறிக்கைகளில் மிஷனரிக்குப் பெயர் இருக்கும், படம் இருக்கும். சேரிக்காரர் 'உபதேசியார்' என்பதோடு முடிந்துவிடுவார். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசிய 'வேத ஸ்திரீகள்' பெரும்பாலோருக்கு அந்த இடமும் இல்லை. அழித்தவர்கள் எதிரிகள் மட்டும் அல்ல என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

நம் மக்களுக்கு வாய் இல்லை என்ற எண்ணம் சாதாரண ஆட்களிடம் மட்டும் இருக்கவில்லை. 1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவர் ஜான் மாட் காந்தியைச் சந்தித்தார். தீண்டப்படாதவர்களிடம் நற்செய்தி சொல்வது பற்றிப் பேச்சு வந்தபோது, ஒரு பசுவிடம் போய்ப் பிரசங்கம் செய்வீர்களா என்று காந்தி கேட்டார். மதங்களின் தராதரத்தைப் பிரித்துப் பார்ப்பதில் அவர்கள் பசுவைவிட மேலானவர்கள் அல்ல என்ற பொருளில் பேசினார். அது அவருடைய 'ஹரிஜன்' இதழிலேயே அச்சாகியிருக்கிறது. பேரய்யா செத்த மாட்டின் தோலை விற்றுக்கொண்டே யோகமும் ஞானமும் விசாரித்து 70 ஆண்டுகள் கடந்திருந்தன.

காந்தியின் அந்த வாதம் பிறகு சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் 1967இல் ஒடிசாவில் வந்த மதமாற்றத் தடைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் ஓராண்டு வரை சிறை. மாற்றப்பட்டவர் சிறுவர், பெண் அல்லது பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் இரண்டாண்டு வரை. தமிழ்நாட்டில் 2002இல் வந்து பின்பு திரும்பப் பெறப்பட்ட சட்டமும் இப்படியே 3 ஆண்டை 4 ஆக்கியது. 40 வயது தலித் ஆணும் தலித் அல்லாத பெண்ணும் 10 வயதுக் குழந்தையும் ஒரே வரிசையில். பாதுகாப்பு என்று பெயர். உனக்குச் சுயமாக யோசிக்கத் தெரியாது என்பதே அதன் உட்பொருள்.

கிறிஸ்தவம் சாதியை ஒழித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. உறவு வழியாகப் பரவிய நம்பிக்கை, உறவின் எல்லையிலேயே நின்றும் போனது. ஆந்திராவில் மாதிகாக்கள் பெரும்பாலும் பாப்டிஸ்டுகள் ஆனார்கள், மாலாக்கள் பெரும்பாலும் லூத்தரன் போன்ற பிற சபைகளில் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் இரட்டைக் கல்லறைகளை இன்றும் பார்க்கிறோம்.

கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பதற்குப் பொய்கையில் யோகன்னான் சாட்சி. திருவிதாங்கூரில் அடிமைப்பட்டிருந்த பறையர் குலத்தில் 1879இல் பிறந்தவர், சபைகளில் பேர்பெற்ற பிரசங்கியார். அங்கேயும் சாதி இருப்பதைக் கண்டு கேள்வி எழுப்பினார். எங்கள் அடிமை முன்னோரின் வரலாறு உங்கள் வேதத்தில் எங்கே என்று கேட்டார். வெளியேறி, பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபையை உருவாக்கினார். நம்பிக்கையைச் சொல்லும் உரிமை இருக்கிறது என்றால், அதை மறுத்துப் பேசும் உரிமையும் அதோடு வருகிறது. வேதமாணிக்கம் ஏற்றுக்கொண்டதும் யோகன்னான் வெளியேறியதும் ஒரே சுயசிந்தனையின் இரண்டு முகங்கள். பௌத்தத்துக்குப் போன அயோத்திதாசரும் அம்பேத்கரும் அதே வழியில்தான் வந்தார்கள்.

இன்று அந்தச் சிந்தனைக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியினர் அல்லர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இந்த ஆணையை எதிர்த்துச் சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன சூசை வழக்கில் 1985இல் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். மற்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

பேரய்யா தோல் விற்றார். தித் தோல் வாங்கினார். இவர் தோலைத் தைத்தார். இவர்கள் மூவரும் எதையோ வாங்குவதற்காக மதம் மாறினார்கள் என்று சொல்லும் நாடு, கிறிஸ்தவர் என்பதைச் சொல்லியே மூன்றாமவரின் பெட்டிக்கடையைப் பறித்தது. மதம் மாறினால் லாபம் என்பவர்களிடம் அடுத்த முறை இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

உங்களில் பலருக்கு ஊரில் தாத்தா, பாட்டி இருப்பார்கள். நம் குடும்பத்தில் முதலில் மாறியது யார், அவரிடம் சொன்னது யார், அவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று விசாரித்து, பெயரோடு எழுதி வையுங்கள். மிஷனரி அறிக்கை எழுதாமல் விட்டது அது. அந்தப் பெயர்கள் நம் கையில் இருந்தால், அரிசி மூட்டைக் கதையைச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.