மோட்டார் சைக்கிளைத் தள்ளி ஸ்டார்ட் செய்தல்

மோட்டார் சைக்கிளைத் தள்ளி ஸ்டார்ட் செய்தல் என்பது, செல்ஃப் ஸ்டார்ட்டரோ கிக்கரோ வேலை செய்யாதபோது, உருளும் பின்சக்கரத்தின் விசையைக் கொண்டே இன்ஜினைக் கிளப்பும் முறை. கியரும் கைக் கிளட்சும் உள்ள வண்டிகளுக்கே இது பொருந்தும். இறக்கமான சாலை இருந்தால் ஒருவரே செய்துவிடலாம். சமதரையில் ஆள்பலம் வேண்டும். தஞ்சாவூரும் காவிரி டெல்டாவும் தட்டையான நெல்வயல் பூமி என்பதால், ஆற்றுப் பாலங்களை அடுத்த இறக்கங்களும் கரைச் சாலைகளின் சரிவுகளுமே அங்கு இதற்குத் தோதான இடங்கள்.

செயல்படும் விதம்

செல்ஃப் பொத்தானை அழுத்தினால், பேட்டரி மின்சாரத்தில் ஒரு சிறு மோட்டார் கிராங்க் தண்டைச் சுழற்றும். வண்டியைத் தள்ளும்போது அந்த விசை பின்சக்கரத்தில் பிறந்து செயின், கியர்பெட்டி, கிளட்ச் வழியாகக் கிராங்க் தண்டுக்கு வருகிறது. பிஸ்டன் அசைந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்த, பிளக்கில் பொறி விழுந்ததும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

எந்தக் கியர் என்பது முக்கியம். 100 சி.சி. வண்டி ஒன்றின் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் உருள்வதாகவும், அதற்குள் இன்ஜின் ஒன்றாம் கியரில் 35 முறையும் இரண்டாம் கியரில் 20 முறையும் சுழல்வதாகவும் கொள்வோம். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் தள்ளினால் இரண்டாம் கியரில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுழலும். இது ஏறக்குறைய ஐடிலிங் வேகம். ஒன்றாம் கியரில் அதே வேகத்துக்கு 2,450 சுற்று வேண்டும். அவ்வளவு எதிர்ப்பைத் தாங்காமல் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதனால்தான் மெக்கானிக்குகள் ‘செகண்ட்ல போட்டுத் தள்ளு’ என்கிறார்கள். ஈரத்தரையில் மூன்றாம் கியரும் உதவும்.

வரலாறு

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பெடலை மிதித்தோ கூடவே ஓடித் தள்ளியோதான் கிளப்பப்பட்டன. கிக்கர் 1900களின் இறுதியில் பிரிட்டனின் ஸ்காட் வண்டியில் வந்தது. அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1914இல் மின் ஸ்டார்ட்டர் பொருத்திய வண்டியை விற்றது. உலக கிராண்ட் பிரீ பந்தயங்களில் வீரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி ஏறும் தொடக்கமுறை 1987இல்தான் கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டில் 1955 முதல் சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட் நெடுங்காலம் கிக்கர் வண்டியாகவே இருந்தது. அதன் டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தினால் சிலிண்டரின் அழுத்தம் குறையும். கனமான அந்த வண்டியைத் தள்ளும்போதும் அது கைகொடுக்கும். 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற இலகுவான டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத் தள்ளிக் கிளப்புவது இன்னும் எளிது.

செய்முறை

முதலில் சாவி, கில் சுவிட்ச், பெட்ரோல் டேப், சைடு ஸ்டாண்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கில் சுவிட்ச் ஆஃபில் இருப்பது தெரியாமல் வியர்க்க வியர்க்கத் தள்ளுவது அடிக்கடி நடப்பது. பின் இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாக நின்று தள்ள வேண்டும். ஓட்டமாகத் தள்ளும் வேகம் வந்ததும் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அதே நொடியில் கிளட்சைச் சட்டென விட வேண்டும். உட்காரும் எடை டயரைத் தரையில் அழுத்தி வழுக்காமல் காக்கும். இன்ஜின் பிடித்ததும் கிளட்சை மறுபடி பிடித்து, ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி நிறுத்த வேண்டும். தாமதித்தால் வண்டி பாய்ந்துவிடும்.

டெல்டா நிலப்பரப்பில்

சமவெளி கிழக்கே கடலை நோக்கிக் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு மீட்டர் அளவே தாழ்கிறது. வண்டி தானாக உருள அது போதாது. ஆனால் காவிரியும் அதன் கிளைகளும் கரை கட்டி ஓடுவதால், அவற்றைக் கடக்கும் சாலைகள் பாலத்தை நோக்கி ஏறி மறுபுறம் இறங்குகின்றன. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் பழைய சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறது. நின்றுபோன வண்டியைப் பாலத்து மேடுவரை உருட்டிச் சென்றால், மறுபக்க இறக்கத்தில் தனியாளே கிளப்பிவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிளக் கேப்பிலும் வயர் இணைப்புகளிலும் ஈரம் ஏறும். அப்போது பொறியே விழாது என்பதால், தள்ளுவதற்கு முன் கேப்பைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். வண்டல் களி டயரில் அப்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டால் சக்கரம் உருளவே மறுக்கும். குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், வைக்கோலும் கிடக்கும். அதன்மேல் கிளட்சை விட்டால் டயர் பிடிமானமின்றிச் சறுக்கும். வைக்கோல் செயினிலும் சுற்றிக்கொள்ளும்.

பயன்படாத வண்டிகள்

கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இன்ஜின் வேகமெடுத்த பிறகே கிளட்ச் தானாகப் பிடிக்கும். ஆகவே எவ்வளவு தள்ளினாலும் சக்கரத்தின் விசை இன்ஜினை எட்டாது. கிக்கர் இருந்தால் அதுவே வழி. மேக்னட்டோவிலிருந்து நேரடியாகப் பொறி பெறும் பழைய கார்புரேட்டர் வண்டிகள் பேட்டரி இல்லாமலும் கிளம்பும். 1.4.2020 முதல் நடப்புக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் பெரும்பாலான பைக்குகளில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. இவற்றில் பெட்ரோல் பம்புக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் மின்சாரம் தேவை. பேட்டரி பலவீனமாக இருந்தால் தள்ளிப் பார்க்கலாம். அடியோடு செத்திருந்தால் பயனில்லை.

தீங்குகளும் பின்கவனிப்பும்

திரும்பத் திரும்பத் தள்ளினால் செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் அதிர்ச்சி ஏறும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து, அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். போக்குவரத்து உள்ள சாலையில், ஹெல்மெட் இல்லாமல் முயல்வது ஆபத்து.

தள்ளியதும் இன்ஜின் பிடித்தால், பெட்ரோலும் பொறியும் சரி என்று பொருள். கோளாறு பேட்டரியிலோ, டெர்மினல்களில் பூத்த உப்பிலோ, ரிலேயிலோ, ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷிலோ இருக்கும். பொத்தானை அழுத்தும்போது ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்டு ஹெட்லைட் மங்கினால் பேட்டரியை முதலில் சோதிக்க வேண்டும். வழியில் இன்ஜினை அணைக்காமல் பட்டறைக்கே ஓட்டிச் செல்வது நல்லது. சார்ஜிங் கெட்டிருந்தால், எவ்வளவு தூரம் ஓட்டினாலும் பேட்டரி ஏறியிருக்காது.