ஒரு வளைவு, ரெண்டு கார் கம்பெனி

பிளெண்டர்ல வளைவு வரைஞ்சிருக்கீங்களா? புள்ளிக்கு ரெண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிற கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தா, கோடு வழுக்கிக்கிட்டே வளையும். மெனுவில் அதுக்குப் பெயர் பெசியே. யார் இந்த பெசியே என்று தேடப் போன எனக்கு, கூடவே இன்னொருத்தர் கதையும் கிடைச்சது.

கம்ப்யூட்டருக்கு முன்னாடி, கப்பலுக்கும் விமானத்துக்கும் வளைவை எப்படி வரைஞ்சாங்க? மெல்லிய மரப் பட்டையை வளைச்சு, நகராம இருக்க அது மேல ஈயக் கட்டிகளை வெச்சாங்க. பட்டைக்குப் பேர் ஸ்ப்ளைன். ஈயக் கட்டிக்குச் செல்லப் பேர் வாத்து! வளைவு அழகா வரும். ஆனா அதைச் சொல்ல எண் கிடையாது. 1950-களில், எண்களைக் கொடுத்தால் உலோகத்தைக் கடைகிற எந்திரங்கள் வந்தன. "பானெட் இங்கே லேசா இறங்கணும்" என்று அந்த எந்திரத்துக்கிட்ட சொல்ல முடியுமா?

1958-ல் போல் து காஸ்தெல்ஜோ என்ற இளம் கணித அறிஞர் பிரான்ஸின் சிட்ரோயன் கம்பெனியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஒரு வழி கண்டுபிடிச்சார். நீங்களே செய்யலாம். ஒரு தாளில் நாலு புள்ளி வைங்க. வரிசையா சேர்த்தா மூணு கோடு. ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஒரு புள்ளி வெச்சா, மூணு புள்ளி. அவற்றைச் சேர்த்தா ரெண்டு கோடு, நடுவில் ரெண்டு புள்ளி. அதையும் சேர்த்து நடுவில் ஒரு புள்ளி வைங்க. அந்தக் கடைசிப் புள்ளி வளைவின் மேலதான் இருக்கும். பாதிக்குப் பதிலா கால், முக்கால் என்று விகிதத்தை மாற்றிக்கிட்டே போனா முழு வளைவும் வந்துடும். பிளெண்டரில் ரெண்டு புள்ளிக்கு நடுவே இருக்கிற துண்டைப் பாருங்க. ரெண்டு முனை, ரெண்டு கைப்பிடி. அதே நாலு புள்ளி! முப்பரிமாணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்னொரு எண் கூடும், அவ்வளவுதான்.

போட்டிக் கம்பெனிக்குத் தெரியக் கூடாதே என்று சிட்ரோயன் இதை ரகசியமா பூட்டி வெச்சது. 1960-களில் ரெனோ கம்பெனியின் என்ஜினியர் பியேர் பெசியே, இது எதுவும் தெரியாமலே, வேற வழியில் அதே வளைவுக்கு வந்து சேர்ந்தார். அவர் கட்டுரைகள் எழுதினார். யூனிசர்ஃப் என்ற வடிவமைப்பு அமைப்பை உருவாக்கினார். உலகம் வளைவுக்கு அவர் பெயரை வெச்சது. 1970-களில் ஜெர்மன் கணித அறிஞர் வொல்ஃப்காங் போம் கைக்கு சிட்ரோயனின் உள் அறிக்கைகள் கிடைச்ச பிறகுதான், முதலில் கண்டுபிடிச்சது யார் என்று துறைக்குத் தெரிஞ்சது. அந்தப் புள்ளி வைக்கும் முறைக்கு இப்போ து காஸ்தெல்ஜோ பெயர். வளைவுக்கு இன்னும் பெசியே பெயர்தான்.

பெசியே எதையும் திருடலை. தன் வேலையை வெளியே சொன்னார், அந்தப் பெயருக்கு அவர் தகுதியானவர்தான். எனக்கு உறுத்துவது சிட்ரோயனின் அந்தப் பூட்டு. அது ரெனோவைத் தடுக்கவும் இல்லை, சொந்த ஊழியருக்குச் சேர வேண்டிய பெயரையும் தள்ளிப் போட்டது. வேலைக்குச் சேரும்போது ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டவங்க நம்மில் நிறைய பேர் இருக்கோம். அதனாலதான் இந்தக் கதை எனக்குப் பழசாத் தெரியலை.

து காஸ்தெல்ஜோ 2022-ல் காலமானார். இந்தப் பக்கத்தில் நீங்க படிக்கிற 'இ'யின் சுழியும் இதே வகை வளைவுதான்.