அம்மம்மா, அப்பம்மா, ஒரு விண்ணப்பப் படிவம்: அமெரிக்க சொரோரிட்டிகளின் 'லெகசி' கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சொரோரிட்டி என்று அழைக்கப்படும் பெண்கள் சங்கங்கள் இருக்கின்றன. கிரேக்க எழுத்துகளில் பெயர், சொந்த வீடு, இரகசியச் சடங்கு எல்லாம் உண்டு. சேர விரும்பும் மாணவியிடம் வழமையாகக் கேட்கப்பட்டுவந்த கேள்வி ஒன்று: உங்கட குடும்பத்தில யாரும் ஏற்கனவே உறுப்பினரா? 'ஓம்' என்றால் அவள் அந்தச் சங்கத்துக்கு ஒரு 'லெகசி', அதாவது வாரிசு.

சரி, குடும்பம் எண்டால் ஆர்? பிரச்சினை இங்கதான் தொடங்குது.

பெரும்பாலான சங்கங்களின் பழைய விடை மூன்று பேரோடு முடிந்தது: தாய், சகோதரி, பாட்டி. காலப்போக்கில் சில சங்கங்கள் மாற்றாந்தாயையும் அரைச் சகோதரியையும் சேர்த்தன. சிலவற்றில் பூட்டி வரைக்கும் போகலாம். இன்னும் சிலவற்றில் சின்னம்மா, மாமி உறவும் எடுபடும். ஒவ்வொரு சங்கமும் தன் தலைமையகத்தில் தானே எழுதிய விதி என்பதால், ஒரே பெண் ஒரு வீட்டில் வாரிசாகவும் பக்கத்து வீட்டில் யாரோவாகவும் இருக்க முடியும். அம்மா ஒரு சங்கம், அக்கா வேறொரு சங்கம் என்றால் அவள் இரண்டுக்கும் வாரிசு.

நாங்கள் அம்மம்மா, அப்பம்மா என்று பிரித்துச் சொல்லும் இரண்டு பேரும் அந்த விதியில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அப்பாவின் தாய் உறுப்பினர் என்றாலும் பேத்தி வாரிசுதான். பெண்கள் மட்டும் சேரக்கூடிய சங்கத்தின் உரிமை, ஒருபோதும் உறுப்பினராக முடியாத ஓர் ஆணைத் தாண்டி மகளுக்கு வந்து சேர்கிறது. 'சகோதரித்துவம்' என்று பேசினாலும், கணக்கு நடந்தது இரத்த வழியிலும் சட்ட வழியிலும்தான்.

இந்தச் சங்கங்கள் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் இது இன்னும் விசித்திரம். 1851 இல் ஜோர்ஜியா மாநிலத்தின் மேகன் நகரில், பெண்கள் கல்லூரி ஒன்றில் உருவான அடெல்ஃபியன் சங்கம்தான் பின்னாளில் அல்ஃபா டெல்டா பை ஆனது. 1870 இல் இந்தியானாவில் கப்பா அல்ஃபா தீட்டா தொடங்கியது. அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. ஆண்களின் சங்கங்கள் பெண்களை உள்ளே எடுக்கவில்லை. 'சொரோரிட்டி' என்ற சொல்லே அப்போது இல்லை. 1874 இல் சிரக்யூஸில் தொடங்கிய காமா ஃபை பீட்டாவுக்காக ஒரு இலத்தீன் பேராசிரியர் உருவாக்கிக் கொடுத்த சொல் அது. வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் தங்களுக்கெனக் கட்டிய வீடுகள் இவை. அந்தப் பெண்களின் மகள்மார் பல்கலைக்கழக வயதுக்கு வந்தபோது, வீட்டின் வாசலில் யார் நிற்பது என்ற கேள்வியும் வளர்ந்துவிட்டது.

வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. யூதப் பெண்கள் 1909 இல் பார்னார்ட் கல்லூரியில் அல்ஃபா எப்சிலோன் ஃபையைத் தொடங்கினார்கள். கறுப்பினப் பெண்கள் ஹொவேர்ட் பல்கலைக்கழகத்தில் 1908 இல் அல்ஃபா கப்பா அல்ஃபாவையும், 1913 இல் டெல்டா சிக்மா தீட்டாவையும் தொடங்கினார்கள். வெள்ளையினச் சங்கங்கள் பலவற்றில் இனத்தையும் மதத்தையும் வைத்து விலக்கும் விதிகளோ எழுதப்படாத வழக்கங்களோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தன.

இப்ப லெகசி விதியை இதன் மேல வைச்சுப் பாருங்கோ. 1950 இல் கறுப்பினப் பெண்ணொருத்தி சேர முடியாத வீட்டில், 2000 இல் அவளுடைய பேத்திக்கு 'பாட்டி' என்ற தகுதி எங்கிருந்து வரும்? விதியில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பழைய விலக்கலை அது அமைதியாக அடுத்த தலைமுறைக்குக் கடத்திவிடுகிறது. இந்த உத்தி அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1898 இல் லூசியானா, 1867 இன் தொடக்கத்தில் வாக்குரிமை இருந்தவர்களின் மகன்மாருக்கும் பேரன்மாருக்கும் வாக்காளர் சோதனைகளிலிருந்து விலக்கு அளித்தது. அடிமைகளாக இருந்தவர்களின் பேரன்மாருக்கு அந்த வழி இல்லை. ஒக்லஹோமாவின் இதே மாதிரியான விதியை 1915 இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 'பாட்டன் விதி' போய்விட்டது. 'பாட்டி விதி' தனியார் சங்கத்தின் உள்விவகாரமாகத் தங்கிவிட்டது.

வாரிசு என்பது வெறும் பெருமைக்கான பெயரும் அல்ல. பல சங்கங்களில், இறுதிச் சுற்றுக்கு அழைக்கப்பட்ட லெகசியை அழைப்புப் பட்டியலின் முதற்பகுதியில் வைத்தே ஆகவேண்டும் என்று விதி இருந்தது. ஒரு வீடு எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. ஆகவே ஒரு வாரிசு மேலே ஏறினால், உறவு இல்லாத இன்னொருத்தி கீழே இறங்குவாள்.

2013 செப்டெம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான 'த கிரிம்சன் வைட்' ஒரு கட்டுரை வெளியிட்டது. மிகச் சிறந்த பெறுபேறுகள் கொண்ட ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க உறுப்பினர் பலர் விரும்பியும், பழைய உறுப்பினர்கள் குறுக்கே நின்றார்கள் என்று மாணவிகளே அதில் சொன்னார்கள். ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் கறுப்பின மாணவர்களைத் தடுக்க அதே பல்கலைக்கழக வாசலில் நின்றது 1963 இல். சரியாக 50 வருடம். அந்த மாணவி விடயத்தில் லெகசி விதி நேரடிக் காரணமல்ல. ஆனால் படித்து முடித்துப் போனவர்களுக்கு வீட்டின் மேல் எவ்வளவு பிடி இருக்கிறது என்று அது காட்டியது. அந்தப் பிடியின் குடும்ப வடிவம்தான் லெகசி.

2020 இல் ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொலைக்குப் பிறகு பல வளாகங்களில் இந்தச் சங்கங்களையே ஒழிக்கச் சொல்லும் இயக்கம் எழுந்தது. அதையடுத்து பல தேசிய சொரோரிட்டிகள் லெகசி முன்னுரிமையைக் கைவிட்டன. நியாய உணர்வோடு எண்ணிக்கையும் சேர்ந்தே வேலை செய்தது என்று நினைக்கிறேன். பெரிய தென்மாநில வளாகங்களில் சேர வரும் மகள்மாரும் பேத்திமாரும் ஏராளம், இடங்களோ கொஞ்சம். எல்லோரும் வாரிசு எண்டால் ஒருத்தரும் வாரிசு இல்லை.

இதற்கு எதிரான ஒரு வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. வெள்ளையினச் சங்கங்களில் பிந்திச் சேர்ந்த கறுப்பின, ஆசிய, லத்தீன் பெண்களின் மகள்மார் இப்போதுதான் வாரிசு என்று சொல்லும் வயதுக்கு வருகிறார்கள். அவர்களின் முறை வரும்போது வரிசையையே கலைக்கிறீர்களே என்று அந்தத் தாய்மார் கேட்டால் என்ன சொல்வது? கறுப்பினச் சங்கங்களிலும் தாய்வழி வந்த பெருமை பெரிதுதான். ஆனால் மூடிய கதவுகளுக்கு வெளியே கட்டிய வீட்டை மகளிடம் கொடுப்பதும், கதவை மூடி வைத்திருந்த வீட்டைக் கொடுப்பதும் ஒன்றல்ல.

என் பார்வையில் அந்தத் தாய்மாரின் கோபம் நியாயம். ஆனாலும் விதி போனது சரி. தாய் தன் கையால் மகளுக்குச் சங்கச் சின்னத்தைக் குத்திவிடுவது ஒரு நினைவு. அதை யாரும் பறிக்கத் தேவையில்லை. நினைவை இடஒதுக்கீடாக மாற்றும்போதுதான், பாட்டி இல்லாத ஒருத்தியிடமிருந்து அந்த இடம் எடுக்கப்படுகிறது.