இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு: பணியிட மருத்துவத் திட்டமொன்றின் வரலாற்று மதிப்பீடு

முன்னுரை

திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களைப் போலவே புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்பிய பகுதியாகும். கங்காணிகளால் திரட்டப்பட்ட இம்மக்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அவர்கள் பணிபுரிந்த தோட்டங்களில் நிகழ்ந்த கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டமும் இயக்கமும்

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், நோயுற்றோருக்கு மருந்தளிப்பதையும் லயன் குடியிருப்புகளின் துப்புரவையும் தோட்டத் துரையின் கடமைகளாக்கியது. 1915இல் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் சார்பில் விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டு மாத்தளை வட்டாரத் தோட்டங்களில் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இப்புழு இருந்தது. கினோபோடியம் எண்ணெயும் பேதி உப்பும் மருந்தாக வழங்கப்பட்டன.

மதிப்பீடு

மருந்துண்டவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு நோக்கினால் இவ்வியக்கம் வெற்றியே. புழுக்கள் வெளியேறியதும் சோகை குறைந்து உழைப்புத்திறன் கூடும் என்பதால் தோட்ட உரிமையாளர்களுக்கும் இதில் ஆதாயம் இருந்தது. ஆயின் கொக்கிப்புழுவின் இளவுயிரி, மலத்தால் மாசுற்ற மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல்வழியே உடலுட் புகுவது. மருந்து குடலிலுள்ள புழுவை நீக்குமேயன்றி மண்ணைத் தூய்மையாக்காது. கழிப்பிடங்கள் போதிய அளவில் கட்டப்படாமையால், குணமானவர்கள் அதே மண்ணில் நடந்து மீண்டும் தொற்றுக்கு ஆளாயினர். மருந்துச் செலவை ஏற்ற உரிமையாளர்கள் பலர் கழிப்பிடச் செலவுக்குத் தயங்கினர். லயனின் துப்புரவைச் சட்டம் முன்னரே கடமையாக்கியிருந்தும், மருந்தளிக்கும் பாதியே விரைந்து நிறைவேறிற்று. தொழிலாளரின் அறியாமையும் பழக்கமுமே காரணமெனக் கூறுவது, கழிப்பிடமற்ற குடியிருப்பைக் கட்டியவர் எவர் என்ற வினாவை மறைத்துவிடும்.

முடிவுரை

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் (1948), கழிப்பிட வசதியை 19ஆம் பிரிவிலும், 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளுக்கான மருத்துவ அறையை 45ஆம் பிரிவிலும் ஒருங்கே வலியுறுத்தியது. மருத்துவமும் பணிச்சூழலும் பிரிக்கவியலாதவை என்பதே இதன் உட்பொருள். எனவே, பணியிட மருத்துவமனையின் பயனை நோயாளிப் பதிவேட்டால் மட்டும் அளத்தல் போதாது. மருந்துண்டு பணிக்குத் திரும்பியவர் அதே நோயுடன் மீண்டும் வந்தாரா என்பதும், வந்திருப்பின் நோயின் ஊற்றை அடைக்கும் பொறுப்பு எவருடையது என்பதும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.