முதலில் ஒப்பந்தம், பிறகு நிரல்

இரண்டு கம்பெனிகளின் கணினிகள் இணையம் வழியே பேசிக்கொள்ள, எதைக் கேட்கலாம், என்ன பதில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் தான் டபிள்யூ.எஸ்.டி.எல் கோப்பு. 2000-ல் ஐ.பி.எம், மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் சேர்ந்து கொண்டு வந்தன. அரிபா எப்படி இந்தக் கூட்டத்தில் என்கிறீர்களா? கொள்முதல் மென்பொருள் விற்ற கம்பெனி அது. பர்சேஸ் ஆர்டரின் அருமை அதற்குத் தெரியாதா என்ன!

யோசனை பழசு தான். 1991-ல் வந்த கோர்பாவிலேயே இடைமுகக் கோப்பை முதலில் எழுதி, அதிலிருந்து நிரலின் கூட்டை உருவாக்கினார்கள். 2002-ல் டாட் நெட் வந்ததும் எல்லாம் தலைகீழ்! நிரலை எழுதி, மேலே 'வெப் மெத்தட்' என்று ஒரு குறிப்பு போட்டால் கோப்பு தானாக வந்துவிடும். சுலபம் தான்... ஆனால் நிரலில் ஒரு பெயரை மாற்றினால் கோப்பும் மாறும், அதை நம்பிய மறுமுனை படுத்துவிடும். சரக்கை அனுப்பிவிட்டு, அதைப் பார்த்து ஒப்பந்தம் எழுதுகிற கதை.

இருக்கிற கோப்பிலிருந்து சேவையைக் கட்டும் வழியும் இருந்தது. மைக்ரோசாஃப்டின் கருவிக்கு 'சர்வர்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் வெற்றுக்கூடு கிடைக்கும்; உள்வேலையை மட்டும் எழுதினால் போதும். ஜாவாவில் இதையே அப்பாச்சி ஆக்சிஸ் செய்தது. 2007-ல் வந்த ஸ்பிரிங் வெப் சர்வீசஸோ, நிரலிலிருந்து ஒப்பந்தம் தயாரிக்கும் வசதியையே தரவில்லை.