லயத்து வானொலியும் கிரிக்கெட்டும்

1982 பெப்ரவரியில் விடுமுறைக்காக அட்டன் வந்திருந்தேன். பஸ் நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியின் வர்ணனை சிங்களத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துடன் ஆட்டம். கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, நம்ம தோட்டத்து ஆளு யாராவது ஆடுறானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் போட்டி பெப்ரவரி 17-இல் ஆரம்பமானது. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான், 15-ஆம் திகதி, ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. வானொலிக்குப் போட்டியாளன் அதே வாரத்தில் வந்து சேர்ந்தான் என்று சொல்லலாம். ஆனால் மின்சாரமே எட்டாத லயக் காம்பராக்களில் பற்றரி வானொலியின் ஆட்சி பல ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஆட்சியின் வேர் ஆழமானது. 1925 டிசம்பர் 16-இல் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. யுத்த காலத்தில் நேச நாட்டுப் படையினருக்கான 'ரேடியோ சீயாக்' கொழும்பில் இயங்கியது. அதன் சக்தி வாய்ந்த ஒலிபரப்புக் கருவிகள் பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்தன. 1950-இல் வர்த்தக சேவை உதயமானபோது அந்தச் சிற்றலைதான் மூலதனமாயிற்று. நிகழ்ச்சிகளை வெளியூரில் தயாரித்து, ஒலிநாடாவில் விமானமேற்றி, கொழும்பிலிருந்து துணைக்கண்டம் முழுவதற்கும் ஒலிபரப்பிக் காசு பார்க்கும் வித்தை அது. 1952-இல் தொடங்கிய அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' பம்பாயில் பதிவாகி இப்படித்தான் பறந்து வந்தது. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிய காலம். அந்த இடைவெளியில் கொழும்பு நன்றாகவே சம்பாதித்தது. தமிழில் மயில்வாகனனின் குரலைத் தமிழகமே காத்திருந்து கேட்டது.

விளையாட்டுக்கு இந்த வித்தை பொருந்தவில்லை. பாட்டை நாடாவில் அடைத்து ஒரு வாரம் கழித்தும் விற்கலாம். நேரடி வர்ணனை அந்த நிமிடத்திலேயே விற்றாக வேண்டிய பண்டம். யார் கேட்கிறார்கள், எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பதே அதன் விலையைத் தீர்மானிக்கிறது. தேயிலையால் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்கள் அந்தக் கணக்கில் வெகுகாலம் வரவில்லை. 1948-இல் பிராட்மன் அணி கொழும்பில் ஒருநாள் ஆடிச் சென்ற அதே ஆண்டில்தான் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது என்பதையும் நினைவிற் கொள்க.

பின்னர் முத்தையா முரளிதரன் வந்தார். அவருடைய பாட்டனார் 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர் அவரது பந்துவீச்சை ஏழு முறை 'நோ போல்' என்றார். அடுத்த மார்ச் 17-இல் லாகூர் இறுதியாட்டத்தில் அவர் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்கள் மாத்திரமே கொடுத்தார். கிண்ணம் இலங்கைக்கு வந்தது.

1998-இல் சக்தியும் சூரியனும் தமிழில் பண்பலைக்கு வந்தன. 2010 ஜூலை 22 அன்று நான் அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காலியில் 800-ஆவது விக்கெட் விழுந்த செய்தி வந்ததும் சாரதி வானொலியின் ஒலியைக் கூட்டினார். பின் ஆசனத்திலிருந்த ஒரு பாட்டி, "யாரு, நம்ம முரளியா?" என்றார். இம்முறை ஆமாம் என்றேன்.